இறாலை விட்டு லூருக்கு: கடிதமும் பதிலும்

வணக்கம்.

சிறுவயது முதல் மட்டக்களப்பு வாவியில் தூண்டில் போடுகிறவன். கல்லடிப் பாலத்தடி, முகத்துவாரம், சில நாட்களில் கல்லாற்றுப் பக்கம். கைத்தூண்டிலும் பழக்கம், தடியும் பழக்கம். இரை உயிர் இறால், கிடைக்காவிட்டால் மணலைக் குஞ்சு. கொடுவா, செம்பல்லி, பாரை எல்லாம் ஏற்றியிருக்கிறேன். இந்த வருடம் லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு மாறலாம் என்று 12 சென்ரிமீற்றரில் மூக்கடியில் நீண்ட தகட்டு நாக்கு வைத்த மூன்று லூர் வாங்கினேன். கடற்கரைக்குப் பாவிக்கும் பத்தடித் தடி, 6000 அளவு ரீல், 0.50 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நூல்), நுனியில் ஒரு அடி கம்பி. எறிவதெல்லாம் மீன் உள்ள இடம் என்று எனக்குத் தெரிந்த இடங்கள்தான். பக்கத்தில் ஒரு பொடியன் கொடுவா ஏற்றுகிறான், எனக்கு ஒரு தட்டுக்கூட இல்லை. மகன் தந்த பின்னல் நூலைச் சுற்றிப் பார்த்தேன். முடிச்சு வழுகியது, நூல் சிக்குப்பட்டு அரைவாசியை வெட்டி எறிந்தேன். இந்தச் சாமான் மீனைப் பிடிக்கவா, எங்களைப் பிடிக்கவா? இரவில் பாலத்தில் நின்று எறிந்தால் சரிவருமா?

வாசகர், ஆரையம்பதி

---

வணக்கம் ஐயா,

முதலில் அந்த நாக்கைப் பாருங்கள். மூக்குக்கு நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய நாக்கு ஆழத்துக்கு இறங்க வைக்கும். கீழ்நோக்கி நிற்கும் சின்ன நாக்கு லூரை மேலாக ஓட வைக்கும். உங்களுடையது மூன்று மீற்றர் அளவில் இறங்கும் வகையாக இருக்க வேண்டும். வாவிக் கரையில் நீங்கள் எறியும் இடம் ஒன்றரை மீற்றர் இருந்தாலே பெரிய விஷயம். அது நீந்தியிருக்காது, சேற்றை உழுதுகொண்டு வந்திருக்கும். தூண்டிலில் ஒரு நார் பாசி தொங்கினாலும் லூரின் ஆட்டம் போய்விடும். அதற்குப் பிறகு எத்தனை தரம் இழுத்தும் பயனில்லை.

இரண்டாவது, இடம். மீன் உள்ள இடம் என்று நீங்கள் சொல்வது இறாலுக்கு நல்ல இடம். ஈயம் மாட்டாத, துப்புரவான அடி. அங்கே இறால் கிடந்து துடிக்கும், மணம் நீரோட்டத்தில் போகும், மீன் தேடி வரும். லூருக்கு மணமும் இல்லை, காத்திருக்கவும் தெரியாது. மீன் ஒளிந்திருக்கும் இடத்துக்கு அதை நீங்கள் கொண்டுபோக வேண்டும், கொடுவாவின் முகத்துக்கு ஒரு மீற்றருக்குள். கொடுவா நிற்பது கண்டல் வேரடியில், பாலத்தூணுக்குப் பின்னால், பழைய கட்டைகளுக்கு இடையில். இத்தனை வருடத்தில் எங்கெங்கே ஈயத்தையும் தூண்டிலையும் அறுத்துக்கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இனி எறிய வேண்டியது அந்த இடங்களுக்கு. அந்தப் பொடியனுக்கு அவை பாதிதான் தெரியும், உங்களுக்கு முழுதும் தெரியும். கண்டலுக்கு நேரே எறியாமல், கரையோடு கரையாக, வேர்களுக்குச் சமாந்தரமாக எறியுங்கள். லூர் வரும் வழி முழுவதும் மீன் இருக்கும் ஓரத்திலேயே வரும். ஒரு இடத்தில் பத்துப் பதினைந்து எறிதல், பிறகு இருபது அடி நகருங்கள். இருந்த இடத்திலேயே விடியும்வரை இருப்பது இறாலுக்கு உதவும், லூருக்கு உதவாது.

இனிச் சாமான். பத்தடித் தடியை வாவிக்குக் கொண்டுவர வேண்டாம். ஏழு அடித் தடி, அடிப்பக்கத்தில் லூர் எடை 7 முதல் 28 கிராம் வரை என்று எழுதியிருப்பது. ரீல் 2500 அல்லது 3000. நூல் எட்டு இழைப் பின்னலில் பீஈ (பின்னல் நூலின் பருமன் எண்) 1.5, அதாவது 0.20 மில்லிமீற்றர் அளவு. 0.50 தங்கூசியில் 10 கிராம் லூர் தூரம் போகாது, காற்றும் நீரும் நூலைப் பிடித்து இழுக்கும். அதைவிடப் பெரிய கரைச்சல், தங்கூசி இழுபடும். மீன் லூரைத் தொட்டது கைக்கு வருவதற்குள் துப்பிவிடும். உயிர் இரையை விழுங்கவிட்டுக் கொத்தும்போது இது தெரியாது. கம்பியையும் கழற்றிவிடுங்கள். கம்பி லூரின் ஆட்டத்தைக் கொல்லும். கொடுவாவுக்குச் சீலாவைப் போல வெட்டும் பல் இல்லை. அது அறுப்பது செவுள் மூடியின் கூரினால், அதற்கு நூல் நுனியில் கட்டும் தடித்த துண்டு நூல், அதாவது 40 இறாத்தல் லீடர் போதும்.

பின்னல் நூல் வழுகியதற்கு இரண்டு காரணம் இருந்திருக்கலாம். ஒன்று, ரீலின் வெறும் உலோகத்தில் நேரே சுற்றியது. அப்படிச் சுற்றினால் மீன் இழுக்கும்போது நூல் கட்டை முழுவதும் ரீலில் சுழலும். அடியில் பத்துச் சுற்றுத் தங்கூசி போட்டு, அதன்மேல் பின்னலைக் கட்டுங்கள். ஈரத் துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் இருக்கும்போது நிறுத்துங்கள். நிரப்பிவிட்டால் வளையம் வளையமாகக் கழன்று சிக்கும். மற்றது, தங்கூசிக்குப் போடும் அதே முடிச்சைப் பின்னலுக்குப் போட்டது. வழுவழுப்பான நூல் அந்தச் சுற்றுக்குள் நிற்காது.

லீடரை இணைக்க இரட்டை யுனி முடிச்சு பழகுங்கள். இரண்டு நூலையும் 20 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பின்னல் நுனியை வளையமாக மடித்து, வளையத்துக்குள்ளால் இரண்டு நூலையும் சேர்த்து எட்டுச் சுற்று. லீடர் நுனியால் அதேபோல் ஐந்து சுற்று. இரண்டையும் எச்சிலால் நனைத்துத் தனித்தனியே இறுக்கி, பிறகு எதிரெதிராக இழுத்து ஒன்றோடொன்று முட்டவிடுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் சூட்டில் நூல் பலமிழக்கும். லீடர் 60 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். எறியும்போது முடிச்சு தடி நுனிக்கு வெளியே நிற்க வேண்டும்.

சிக்கு விழுவது பெரும்பாலும் எறிந்து முடித்த அந்தக் கணத்தில். ரீலைச் சுற்றித்தான் அதன் நூலைப் பிடிக்கும் கம்பி வளையத்தை மூடுகிறீர்கள் என்றால் முதற்சுற்று தளர்வாக விழும். அடுத்த எறிதலில் அது மற்ற நூலையும் இழுத்துக்கொண்டு வரும். கையால் மூடுங்கள், நூலை ஒருமுறை இழுத்து இறுக்குங்கள், பிறகு சுற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் வர ஒரு பின்னேரம் போதும்.

முதல் லூராக நாக்கு வைத்ததை நான் சொல்ல மாட்டேன். வாலாட்டும் றப்பர் மீன், மூன்று அங்குலம், அதற்கு 7 கிராம் ஈயத்தலைத் தூண்டில். முகத்துவாரத்தின் ஓட்டத்தில் மட்டும் 14 கிராம். விலை குறைவு, அறுந்தாலும் மனம் நோகாது. அறுந்துவிடும் என்ற பயத்தில் கரைக்குத் தள்ளி எறிகிறவர்களுக்கு இது மருந்து. கொழுவும்போது தூண்டிலை றப்பரின் பக்கத்தில் வைத்து, முள் எங்கே வெளிவர வேண்டும் என்று நகத்தால் அடையாளம் போடுங்கள். மூக்கின் நடுவால் ஏற்றி அந்த இடத்தால் எடுங்கள். உடல் நேராக இருக்க வேண்டும். சற்றே கோணினாலும் நீரில் சுழலும், நூலும் முறுகும். காலடித் தண்ணீரில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு எறியுங்கள். வால் அரைவட்டமாக வெட்டுப்பட்டு வந்தால் அது பேத்தை. அந்த இடத்தில் நின்று றப்பர் செலவழிக்க வேண்டாம்.

எறிந்ததும் அடிக்குப் போகவிடுங்கள். எத்தனை எண்ணும்போது நூல் தளர்கிறது என்று பாருங்கள், அந்த எண்தான் அந்த இடத்தின் ஆழம். தடி நுனியால் சின்னதாக இரண்டு தட்டு, பிறகு நூலை இறுக்கமாக வைத்தபடி திரும்ப விழவிடுங்கள். விழும்போதுதான் கொடுவா எடுக்கும். விழும்போது நூலைத் தளரவிட்டால் அது எடுத்ததும் துப்பியதும் உங்களுக்குத் தெரியாது. ‘டொக்’ என்று ஒரு தட்டு வரும், அல்லது நூல் திடீரென ஒரு பக்கம் நகரும், அல்லது வழக்கமான எண்ணுக்கு முன்பே விழுவது நிற்கும். மூன்றும் மீன்தான். அப்போது இறாலுக்கு அடிப்பதுபோல் தலைக்கு மேலே வெட்டி அடிக்க வேண்டாம். நூலைச் சுற்றி எடுத்து, பாரம் தெரிந்ததும் பக்கவாட்டில் தடியை இழுங்கள். இழுபடாத நூலில் அவ்வளவு போதும். மூன்று முள் தூண்டில் உள்ள லூர் என்றால் சுற்றுவதை நிறுத்தாமல் இருப்பதே கொத்து.

லூர் விழுங்குபடாது, உதட்டிலோ கடைவாயிலோ ஒரு முள்தான் நிற்கும். அதனால் கொடுவா மேலே பாய்ந்து தலையை உதறும்போது தடி நுனியைத் தண்ணீருக்குத் தாழ்த்தி, நூலைத் தளரவிடாமல் பிடியுங்கள். இறாலில் பிடித்தபோது தளர்ந்தாலும் தப்பவில்லையே என்று நினைக்க வேண்டாம், அது விழுங்கியிருந்தது. ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) நூல் பலத்தில் கால்வாசிக்கு வையுங்கள். 20 இறாத்தல் நூலென்றால் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. கையால் இழுத்துக் கணக்குப் பார்க்காமல் ஒரு தொங்கு தராசை நூலில் கொழுவி இழுத்துப் பாருங்கள். கைக்கு இரண்டரைக் கிலோ என்று தோன்றுவது பெரும்பாலும் அரைவாசிதான்.

முகத்துவாரம் மாரியில் திறந்திருக்கும்போது, வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் பாருங்கள். இறாலும் மணலைக் குஞ்சும் அதோடு போகும். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் கோட்டுக்கு மேலே எறிந்து, ஓட்டத்தோடு வரவிடுங்கள். மீன் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும், பின்னாலிருந்து வரும் இரையை நம்பாது. வெள்ளம் கலங்கலாக இருந்தால் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள், மெதுவாக. கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் நீர் தெளியும்போது மணலை நிறம், 30 இறாத்தல் லீடர்.

இரவில் பாலம் நல்ல இடம். விளக்கின் நிழல் விழும் கோட்டுக்குள் கொடுவா நிற்கும், வெளிச்சத்தில் வரும் இரையைப் பிடிக்கும். ஆனால் மேலே நின்று எறிவது சரியில்லை. உயரத்திலிருந்து இழுத்தால் லூர் மேலேறி வரும், கடைசிப் பாதியில் மீனின் கண்ணுக்குப் படாது. மூன்று கிலோ மீனை உதட்டு முள்ளில் தூக்க முடியாது, நீண்ட கயிற்றில் வலைக்கூடை வேண்டும். 2013இல் புதுப்பாலம் வந்தபின் பழைய பாலத்தில் ஆள் நடமாட்டம்தான் அதிகம். பின்னால் யாராவது நடந்தால் மூன்று முள் தூண்டில் யார் காதில் மாட்டும் என்று சொல்ல முடியாது. பாலத்தடியில், கரையில் நின்று நிழற்கோட்டோடு எறியுங்கள். கண்டல் ஓரத்தில் இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்க வேண்டாம், வாவியில் முதலை உண்டு. இறால் கட்டுகளும் வலைகளும் போட்டிருக்கும் இடத்தில் எறியாதீர்கள். லூர் வலையில் மாட்டினால் இழுத்துக் கிழிக்காமல் தோணிக்காரரைக் கூப்பிடுங்கள்.

வாங்கிய மூன்று லூரையும் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். கச்சானில் கரைக்காற்று முதுகில் அடிக்கும்போது, கடற்பக்கம் பாறையோரம் ஆழம் இருக்கும் இடத்தில் அவை பாரைக்கு வேலை செய்யும். பத்தடித் தடியும் 6000 ரீலும் அங்கேதான் பொருந்தும். நூல் மட்டும் பீஈ 3 ஆக்குங்கள். சீலாவும் அறுக்குளாவும் வரும் இடமாதலால் கம்பி அங்கே சரி, ஆனால் ஒரு அடி வேண்டாம், 15 சென்ரிமீற்றர், மெல்லியது. லூர் ஒரு பக்கமாக ஓடினால் அது ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மூக்கின் வளையத்தைக் குறட்டால் மிகச் சிறிதாக வளையுங்கள். வீட்டுக்கு வந்ததும் லூரையும் ரீலையும் நன்னீரில் கழுவி, ட்ராக்கைத் தளர்த்திவிட்டு வையுங்கள்.