திரையில் ஒரு ஸ்வெட்டர் வந்தால் நான் பார்ப்பது

கேள்வி: உங்கள் தொழிலோ பொழுதுபோக்கோ காரணமாக, டிவி பார்க்கும்போது மற்றவர்கள் கவனிக்காத எதை நீங்கள் கவனிக்கிறீர்கள்?

பின்னல். யாராவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தால், குழந்தைக்குக் குல்லா மாட்டியிருந்தால், சோபா மேல் ஒரு போர்வை கிடந்தால், அது மெஷினில் வந்ததா கையால் போட்டதா என்றுதான் என் கண் முதலில் போகும். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அதற்கப்புறம்தான் காதில் விழும்.

புதுச்சேரியில் இருப்பவளுக்கு உல்லன் நூலோடு என்ன வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மார்கழி விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்கள் காதைக் கட்டிக்கொள்வதோடு எங்கள் ஊர்க் குளிர் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் ஊசியும் நூலும் எப்போதும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி ஒருவர் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார், பெரியம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பிரான்சில் குடியேறிய சொந்தக்காரர்கள் லீவுக்கு வரும்போது ஃபில்தார் என்ற பிரெஞ்சு நூல் கம்பெனியின் பின்னல் புத்தகம் கொண்டுவருவார்கள். பெரியம்மாவுக்கு பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. கட்டம் போட்ட படத்தை மட்டும் பார்த்துப் பின்னிவிடுவார். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஒரு குல்லாவும் ஸ்வெட்டரும் எங்கள் வீட்டிலிருந்து போகும். இன்றைக்கும் போகிறது.

கைவேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், குரோஷாவுக்கு யோசிக்கவே வேண்டாம். கொக்கி ஊசியால் போடும் அந்தப் பின்னலை அப்படியே போட்டுத்தரும் மெஷின் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. அது மாதிரி தோற்றம் தரும் துணி வரும், அவ்வளவுதான். அதனால் அமெரிக்கத் தொடர்களில் சோபா முதுகில் கலர் கலராகச் சதுரம் கோத்த போர்வை கிடந்தால், 'ரோசான்' தொடரின் சோபாவில் கிடக்குமே அது போல, ஒவ்வொரு சதுரத்தையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்டிருக்கிறார் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

இரண்டு ஊசிப் பின்னல் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. திருப்பூர் பனியனை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நாங்கள் ஊசியில் போடும் அதே கண்ணிதான், ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு வரிசையாக இருக்கும். நூல் மட்டும் மெல்லிசு. ஜடை டிசைன், பூ டிசைன் எல்லாம் மெஷினும் போடும் என்பதால் டிசைனைப் பார்த்து ஏமாறக்கூடாது. நான் பார்ப்பது வரிசைகளை. நேராகப் போடும் நிட் வரிசை இறுக்கமாகவும், திருப்பிப் போடும் பர்ல் வரிசை ஒரு இழை தளர்வாகவும் விழுவது நிறையப் பேருக்குக் கைப்பழக்கம். பக்கத்திலிருந்து வெளிச்சம் பட்டால் இரண்டிரண்டு வரிசையாகச் சேர்ந்து, ஏர் ஓட்டிய நிலம் மாதிரி மெலிதாக மேடு பள்ளம் தெரியும். மெஷின் துணியில் இது வராது. சில பேர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பின்னியவரையே பார்த்த மாதிரி இருக்கும்.

ஓடிடி வந்த பிறகு வெளிநாட்டுத் தொடர்களும் பழைய நிகழ்ச்சிகளும் கைக்கு எட்டுகின்றன. 2007-ல் வந்த டேனிஷ் துப்பறியும் தொடர் 'ஃபோர்ப்ரிடெல்சன்' பார்த்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் 'தி கில்லிங்' என்பார்கள். அதில் சாரா லுண்ட் என்ற போலீஸ் அதிகாரி போட்டுவரும் வெள்ளையும் கறுப்புமான ஸ்வெட்டர், ஃபேரோ தீவுகளின் 'குட்ருன் அண்ட் குட்ருன்' நிறுவனத்துடையது, கையால் பின்னியது. அதைத் தேர்ந்தெடுத்ததே நடித்த சோஃபி கிராபல்தான். கொலை நடந்த இடத்துக்கும் அதே, வீட்டுக்கும் அதே. துணிமணி பற்றி நினைக்க நேரமில்லாத ஒரு பெண் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது. ரொம்ப மெல்லிய கோடுகளும் பொடி டிசைனும் கேமராவில் நெளிந்து மினுக்கும் என்பதால் உடை பார்க்கிறவர்கள் அவற்றைத் தவிர்ப்பார்கள். பெரிய கண்ணிக்கு அந்தத் தொல்லை குறைவு, அதனால்தான் தடித்த நூல் ஸ்வெட்டர் திரையில் இவ்வளவு நன்றாக எடுபடுகிறது.

என்னை ரொம்ப நாள் யோசிக்கவைத்தது அமெரிக்காவின் ஃப்ரெட் ராஜர்ஸ் கதை. 1968 முதல் 2001 வரை குழந்தைகளுக்காக நிகழ்ச்சி நடத்தியவர். உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு ஜிப் வைத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார். அந்த ஸ்வெட்டர்களைப் பின்னியது அவர் அம்மா நான்சி. கோடிக்கணக்கான குழந்தைகள் பார்த்த உடுப்பு, ஒரு அம்மா மகனுக்குப் போட்டது. நான்சி 1981-ல் இறந்துவிட்டார். இருந்தவை நைந்துபோனபோது மாற்றுக்கு ஆளில்லை. கடைசியில் அமெரிக்கத் தபால்காரர்கள் போடும் ஸ்வெட்டரை வாங்கிச் சாயம் போட்டு ஒப்பேற்றினார்கள். அம்மா பின்னிய சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று 1984-லேயே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பழைய காட்சிகளை யூடியூபில் பார்க்கும்போது, இது நான்சியுடையதா தபால்காரர் ஸ்வெட்டரா என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

இப்படிப் பின்னியவர் பெயர் தெரியவரும்போது எனக்கு ஒரு நிறைவு. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடரில் 1974-ல் நாயகனாக நடித்த டாம் பேக்கர் தரையைத் தொடுகிற மாதிரி கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்த மஃப்ளர் பெகோனியா போப் என்பவர் பின்னியது. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஏச்சிசன் கலர் கலராக நூலை அள்ளிக் கொடுத்தார், போப் கொடுத்த நூல் அத்தனையையும் பின்னி முடித்துவிட்டார். அப்படித்தான் அது அவ்வளவு நீளம் வந்தது. ஒரு கதாபாத்திரத்தின் அடையாளமே ஒரு பெண்ணின் ஊசியிலிருந்து வந்திருக்கிறது. எங்கள் ஊர் ரோமன் ரோலன் வீதியில் குளூனி சகோதரிகளின் எம்பிராய்டரி கூடத்தில் பெண்கள் பூ வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மேஜை விரிப்பை வாங்கிப்போகிறவருக்கு எந்தப் பெண் போட்டது என்று தெரியாது. டிவியிலும் அதே நிலைதான். மேக்கப் போட்டவர் பெயர் ஓடும், கார் ஓட்டியவர் பெயர் ஓடும், பின்னியவர் பெயர் ஓடிப் பார்த்ததில்லை.

கண் பழகிவிட்டால் எல்லோரும் சொல்வதை அப்படியே நம்பவும் தோன்றாது. 2021 ஜனவரி 20 அன்று ஜோ பைடன் பதவியேற்ற விழாவில் அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கையுறை போட்டு உட்கார்ந்திருந்த படம் எல்லாருடைய போனிலும் வந்தது. கையால் பின்னிய கையுறை என்றே பலரும் எழுதினார்கள். பின்னிய கையுறையென்றால் விரல் நுனியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து முடித்திருக்க வேண்டும். அதில் அப்படி இல்லை, டிசைன் விளிம்பில் பாதியிலேயே நின்றது. வெர்மான்ட் மாநிலத்து ஆசிரியை ஜென் எல்லிஸ் பழைய கம்பளி ஸ்வெட்டர்களை வெட்டித் தைத்தது அது. உள்ளே வைத்த துணிகூட பிளாஸ்டிக் பாட்டிலை மறுசுழற்சி செய்து எடுத்தது. அதுவும் கைவேலைதான், நல்ல கைவேலை. ஆனால் தையல்.

நடிக்கிறவர்கள் பின்னும் காட்சி வேறு வகை. நம் பழைய படங்களில் கதாநாயகி ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாலே வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாதிப் பேர் ஊசி முனையை ஒன்றோடொன்று தட்டுவதோடு சரி, நூல் விரலில் சுற்றியே இருக்காது. அடுத்த காட்சியிலும் துணி வளர்ந்திருக்காது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், நீச்சல்குளத்துக் காலரியில் பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி பின்னிக்கொண்டிருந்ததைப் பாருங்கள். கண் போட்டியில், விரல் நூலில். தான் வென்ற தங்கப் பதக்கம் கீறல் படாமல் இருக்க அதற்கும் ஒரு பை போட்டுவைத்திருந்தார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. போன வருஷம் ஒரு தமிழ் சீரியலில் தொட்டில் போடும் காட்சி. குழந்தைக்கு மஞ்சள் ஸ்வெட்டர். கழுத்தைச் சுற்றி இலை இலையாகத் துளை டிசைன், பித்தான் பட்டி தனியாகத் தைத்ததில்லை, ஓரத்திலிருந்தே கண்ணி எடுத்துப் போட்டது. நிச்சயமாக யாரோ ஒரு பாட்டியோ அத்தையோ போட்டது. நான் நிறுத்தி இலைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"ஏம்மா நிறுத்திட்ட? மாமியார்க்காரி இப்பதான் வாயத் தொறந்தா" என்றார் என் அத்தை.

"ஒரு நிமிஷம் அத்த, கழுத்துப் பின்னல மட்டும் பாத்துக்கறேன்."

அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். அடுத்த வாரம் பின்னத் தொடங்கினேன். நம் ஊர் வெக்கைக்குக் கம்பளி ஆகாது, அதனால் காட்டன் நூல். 10-ம் நம்பர் ஊசி, கழுத்திலிருந்து கீழே இறங்கும் பின்னல், ஒவ்வொரு இலை விரியும்போதும் கண்ணி கூட்ட வேண்டும். காட்டனில் ரிப், அதாவது ஓரத்தில் வரும் இழுபடும் பின்னல், தொளதொளவென்று ஆகிவிடும் என்பதால் கை முனைக்கும் இடுப்புக்கும் மட்டும் இன்னும் மெல்லிசான 12-ம் நம்பர் ஊசி போட்டேன். எதிர்வீட்டுக் குழந்தைக்குச் சரியாக இருந்தது. வேண்டுமென்றால் கேளுங்கள், வரிசை வரிசையாக எழுதித் தருகிறேன். அந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் பின்னியவர் யாரென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.