இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே டிரான்சிஷன் போட்டால் மலிவாகத் தெரிகிறதே, மாஸ்க் வைத்து எப்படிச் சரியாகச் செய்வது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தோட்டத்துக் கோயில் திருவிழா வீடியோவை எடிட் செய்கிறீர்கள். மென்பொருளில் இருக்கிற டிரான்சிஷன்களைப் போட்டால் மலிவாகத் தெரிகிறது, சில இடங்களில் போடவே விடமாட்டேன் என்கிறது. மாஸ்க் வைத்துச் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள், அது எப்படி என்று தெரிய வேண்டும்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் கல்யாணம், சடங்கு, திருவிழா எல்லாம் எடுத்து, எடிட்டும் நானே செய்கிறேன். முதலில் ‘போட விடமாட்டேன்’ என்கிற விஷயத்தைப் பார்ப்போம். அது புரிந்தால் மற்றது பாதி புரிந்த மாதிரி.

டிரான்சிஷன் நடக்கிற நேரத்தில் இரண்டு கிளிப்பும் ஒரே சமயத்தில் ஓட வேண்டும். நாம் இங்கே பெரும்பாலும் விநாடிக்கு 25 ஃபிரேமில் வேலை செய்கிறோம். கட்டுக்கு (ஒரு கிளிப் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்துக்கு) நடுவில் 1 விநாடி டிசால்வ் (ஒன்று கரைந்து மற்றது தெரிவது) வைத்தால், முதல் கிளிப் கட்டைத் தாண்டி இன்னும் 12 ஃபிரேமாவது ஓட வேண்டும், இரண்டாவது கிளிப் கட்டுக்கு 12 ஃபிரேம் முன்னாலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். வெட்டி ஒதுக்கிய இந்த உபரிக்கு ஹேண்டில் என்று பெயர். கேமராவில் பதிவானதை முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை அப்படியே டைம்லைனில் போட்டுவிட்டால் உபரி எங்கிருந்து வரும்? எடிட்டிங் மென்பொருள்களில் பிரீமியர் கடைசி ஃபிரேமையே திரும்பத் திரும்பக் காட்டிச் சமாளிக்கும், அதனால் ஆட்கள் திடீரென்று உறைந்து நிற்பார்கள். டாவின்சி ரிசால்வ் கிளிப்பைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்கும். ஷாட்கட்டில் ஒரு கிளிப்பை இழுத்து மற்றதன் மேல் ஏற்றினால்தான் டிரான்சிஷனே உண்டாகும், ஆகவே அங்கே இந்தக் கணக்கு கண்ணுக்கு நேராகத் தெரியும். தீர்வு எடிட்டிங்கில் இல்லை. ஷூட் செய்யும்போது சாமி தேரில் ஏறுவதற்கு ஐந்து விநாடி முன்னாலேயே பதிவை ஆரம்பியுங்கள், முடிந்த பிறகும் ஐந்து விநாடி விடுங்கள்.

மாஸ்க்குக்கும் இதே நியாயம்தான். நல்ல டிரான்சிஷன் பெரும்பாலும் ஷூட்டிங்கிலேயே பாதி செய்யப்பட்டுவிடுகிறது. ஃபிரேமைக் குறுக்கே கடக்கிற ஏதாவது ஒன்று, அல்லது ஃபிரேமை மூடுகிற ஒன்று, படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இதயம் விரிவது, பக்கம் புரள்வது, படம் சுழன்று பறப்பது எல்லாம் ஏன் மலிவாகத் தெரிகின்றன? படத்தில் உள்ள எதுவும் அப்படி நகரவில்லை. பார்க்கிறவர் கண் ஒரு விநாடி மணமகளை விட்டுவிட்டு மென்பொருளைப் பார்க்கிறது. அந்த ஒரு விநாடியை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு.

ஆகவே முதல் முடிவு, டிரான்சிஷன் வேண்டுமா என்பதே. காவடி ஆடுகிறார், அடுத்த ஷாட்டில் அவர் கால், அதற்கடுத்து அவர் அம்மாவின் முகம். இங்கே வெறும் கட் போதும், வேறு எதுவும் கெடுதல்தான். காலையில் பிரட்டுக்களத்தில் (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்) ஆட்கள் நிற்கிறார்கள், அடுத்தது சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்கள் என்றால் நடுவில் ஒரு பகல் போயிருக்கிறது. அங்கே டிசால்வ் பொருந்தும். நேரம் போனது, இடம் மாறியது, அல்லது ஒரு நினைவு வந்தது என்று சொல்ல ஒன்று இருந்தால் மட்டும் டிரான்சிஷன். முழுத் திருவிழா வீடியோவிலும் அப்படி ஏழெட்டு இடம் கிடைத்தாலே அதிகம்.

சரி, மாஸ்க். மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். வெள்ளையான இடத்தில் கிளிப் தெரியும், கறுப்பான இடத்தில் மறைந்து கீழ் டிராக்கில் உள்ளது தெரியும், சாம்பலில் இரண்டும் கலந்து தெரியும். இடமிருந்து வலமாகத் துடைக்கிற வைப் கூட நகர்கிற மாஸ்க்தான். கெடன்லைவ், ஷாட்கட் இரண்டிலும் வைப்புக்கு நாமே ஒரு சாம்பல் படம் கொடுக்கலாம். கறுப்பான இடம் முதலில் மாறும், வெளிர்ந்த இடம் கடைசியில் மாறும், இன்வர்ட் கொடுத்தால் தலைகீழ். தேயிலை மலையைத் தூரத்திலிருந்து படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் மங்கலாக்கிக் கொடுத்துப் பாருங்கள். நிரைகளுக்கு நடுவே உள்ள இருட்டான கான்கள் (வாய்க்கால்கள்) முதலில் மாறும், செடிகளின் மேல்தளம் பிறகு மாறும். மலை நிரை நிரையாக அடுத்த காட்சியாவது பார்க்க மிக அழகு. சாஃப்ட்னஸை (விளிம்பின் மென்மையை) மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். 1 விநாடியில் இருப்பதே 25 படிகள்தான், சாஃப்ட்னஸ் இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும்.

இப்போது கையால் வரைகிற மாஸ்க். எனக்கு மிகவும் பிடித்தது பஸ் வைப். ஹட்டன் – நுவரெலியா ரோட்டோரம் நின்று எதிர்ப்பக்கம் போகிற பால்குட ஊர்வலத்தை எடுக்கிறீர்கள். ஒரு சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் இடமிருந்து வலமாகக் கேமராவுக்கு முன்னால் கடக்கிறது. பஸ்ஸின் வால் போகப் போக, அதற்குப் பின்னால் ரோடு தெரியாமல் கோயில் வாசல் தெரிய வேண்டும். ஊர்வலக் கிளிப்பை மேல் டிராக்கிலும் கோயில் கிளிப்பைக் கீழ் டிராக்கிலும் வையுங்கள். பஸ்ஸின் பின்புற விளிம்பு ஃபிரேமுக்குள் நுழைகிற முதல் ஃபிரேமில் பிளேஹெட்டை நிறுத்துங்கள். பிரீமியர் என்றால் மேல் கிளிப்பின் ஓபாசிட்டிக்குக் கீழே உள்ள பேனாவை எடுத்து, விளிம்புக்கு இடப்பக்கம் உள்ள பகுதியைச் சுற்றி வரைந்து இன்வர்ட் செய்யுங்கள். வரைந்த இடத்தில் ஓட்டை விழுந்து கோயில் தெரியும். மற்ற மூன்று பக்கப் புள்ளிகளையும் ஃபிரேமுக்கு வெளியே நன்றாகத் தள்ளி வைத்துவிடலாம். கவனம் தேவைப்படுவது பஸ்ஸை ஒட்டிய பக்கத்துக்கு மட்டும்தான். பஸ்ஸின் முதுகு நேர்க்கோடு இல்லை, மேலே வளையும், பம்பர் துருத்தும். நாலைந்து புள்ளி போதும், ஆனால் வளைவு வளைவாகவே இருக்கட்டும்.

அப்புறம் மாஸ்க் பாத்துக்கு (மாஸ்க்கின் வடிவத்துக்கு) கீஃப்ரேம் (இந்த ஃபிரேமில் இந்த நிலை என்ற குறி) வைத்து, விளிம்பு முழுக்க வெளியேறிய ஃபிரேமுக்குப் போய் அங்கே இரண்டாவது கீஃப்ரேம். நடுவில் பாதிக்குப் போய்ப் பார்த்துத் திருத்துங்கள், பிறகு ஒவ்வொரு பாதியின் பாதிக்கும் போங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொரு ஃபிரேமாகத் திருத்திக்கொண்டு போனால் விளிம்பு நடுங்கும். பாதி பாதியாகப் போனால் குறைந்த கீஃப்ரேமில் வேலை முடியும், நகர்வும் வழவழப்பாக இருக்கும்.

ஃபெதர், அதாவது மாஸ்க் விளிம்பின் மங்கல், எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குக் கணக்கு உண்டு. 25 ஃபிரேமில் ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்றால், ஒவ்வொரு ஃபிரேமிலும் பாதி நேரம்தான் ஷட்டர் திறந்திருக்கிறது. பஸ் விளிம்பு ஒரு ஃபிரேமுக்கு 80 பிக்சல் நகர்ந்தால், மங்கல் சுமார் 40 பிக்சல் இருக்கும். ஃபெதரையும் அந்த அகலத்துக்கு ஒத்து வையுங்கள். மெதுவாக ஏற்றம் ஏறுகிற பஸ்ஸுக்குப் பெரிய ஃபெதர் வைத்தால் விளிம்பைச் சுற்றி ஆவி மாதிரித் தெரியும், வேகமாக இறங்குகிற பஸ்ஸுக்கு ஃபெதரே இல்லாவிட்டால் கத்தரித்து ஒட்டியது தெரியும்.

இதிலும் ஷூட்டிங்தான் காப்பாற்றும். கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். பஸ்ஸின் சக்கரங்களுக்கு நடுவே அந்தப் பக்கத்து ரோடும் ஊர்வலக்காரர் கால்களும் தெரிந்தால் மாஸ்க் வேலை இரட்டிப்பாகும். அதனால் சக்கரம் ஃபிரேமுக்கு வெளியே போகிற உயரத்தில் ஃபிரேம் வையுங்கள். வெளிச்சமும் முக்கியம். மேக மூட்டத்தில் எடுத்த பஸ்ஸுக்குப் பின்னால் சுள்ளென்ற வெயிலில் கோயில் வந்தால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் ஒட்டாது. இரண்டு கிளிப்பின் நிறத்தையும் முதலில் சமப்படுத்திவிட்டு மாஸ்க்கை வரையுங்கள். பஸ் ஒரு கணமாவது ஃபிரேமை முழுக்க மூடினால், இரண்டாவது இடத்திலும் ஒரு பஸ் கடப்பதை எடுத்து அந்த மறைவில் கட் செய்துவிடலாம். மாஸ்க்கே தேவையில்லை.

ரயில் எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடைசிப் பெட்டியின் பின் ஜன்னலிலிருந்து பார்த்தால், ரயில் உள்ளே போனதும் சுரங்க வாய் ஒரு வெளிச்ச வளைவாகத் தெரிந்து சிறுத்துக்கொண்டே போகும். அந்த வளைவைச் சுற்றி நீள்வட்ட மாஸ்க் போட்டு, வெளியே உள்ள இருட்டில் அடுத்த காட்சியைத் தெரியவிட்டால், பழைய படங்களில் வட்டமாக மூடுகிற ஐரிஸ் மாதிரி வரும். முதலிலும் கடைசியிலும் இரண்டு கீஃப்ரேம் போதும் என்று தோன்றும், போதாது. தூரம் இரட்டிப்பானால் வாயின் அளவு பாதியாகும். அதனால் அது முதலில் மளமளவென்று சிறுக்கும், பிறகு மெல்ல மெல்லச் சிறுக்கும். சீரான வேகத்தில் சிறுக்கிற மாஸ்க் வாயோடு ஒட்டாமல் விலகும். ஆரம்பத்தில் நெருக்கமாகவும் பிறகு தள்ளித் தள்ளியும் கீஃப்ரேம் வையுங்கள். எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிச் சுவரெல்லாம் புள்ளி விழும். இதற்காக மிதிபலகையில் தொங்காதீர்கள். சுரங்கச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு ஷாட்டுக்கு உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் ஊர் நமக்குச் சும்மா கொடுக்கிற டிரான்சிஷன் மூடுபனி. அப்புத்தளையிலோ நுவரெலியாவிலோ பத்து நிமிடம் காத்திருந்தால் பனி மலையை மூடுவதை அப்படியே எடுத்துவிடலாம். பனி வெளிர்ப்பானது, அதனால் அந்தக் கிளிப்பையே மாஸ்க்காகப் பயன்படுத்தலாம். பிரீமியரில் டிராக் மேட் கீ போட்டு மேட் லூமா (வெளிச்ச அளவை வைத்து மறைப்பது) தேர்ந்தெடுத்தால், பனி எங்கெங்கே படர்கிறதோ அங்கங்கே அடுத்த காட்சி வெளிப்படும். அதற்கு முன் பனிக் கிளிப்பின் கான்ட்ராஸ்டை ஏற்றி, மலை நல்ல கறுப்பாகவும் பனி நல்ல வெள்ளையாகவும் வரச் செய்யுங்கள். ஃபோனில் எடுப்பதானால் எக்ஸ்போஷரோடு வைட் பேலன்ஸையும் பூட்டுவது கட்டாயம். பனி நிறைய நிறைய ஃபோன் தானாகவே படத்தை இருட்டாக்கும், வெள்ளையாக வேண்டிய பனி சாம்பலிலேயே நின்றுவிடும், மாஸ்க் முழுமையாகத் திறக்காது.

மென்பொருள் எது என்பது இரண்டாம் பட்சம். ரிசால்வின் இலவசப் பதிப்பில் கலர் பக்கத்தில் பவர் விண்டோ வரைந்து ஆல்ஃபா அவுட்புட்டை இணைத்தால் இதே வேலை நடக்கும், டிராக்கரும் உண்டு. ஆளைத் தானாகப் பிரிக்கிற மேஜிக் மாஸ்க் மட்டும் காசு கொடுத்து வாங்குகிற ஸ்டூடியோ பதிப்பில்தான். கேப்கட்டில் ஃபோனிலேயே வட்டம், நேர்க்கோடு மாஸ்க்குகளுக்குக் கீஃப்ரேம் வைக்கலாம். சுரங்க வாய்க்கு அதுவே போதும், பஸ் முதுகுக்குப் போதாது.

சத்தத்தை விட்டுவிடாதீர்கள். படத்தை இவ்வளவு பாடுபட்டு இணைத்துவிட்டு, தப்பு மேளத்தின் சத்தம் பட்டென்று அறுந்தால் எல்லாம் வீண். அடுத்த காட்சியின் தப்புச் சத்தத்தை, படம் மாறுவதற்கு அரை விநாடி முன்னாலேயே உள்ளே விடுங்கள். காது முதலில் போய்ச் சேரும், கண் பின்னால் வரும். பல நேரம் இதை மட்டும் செய்தால் கட்டே போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு கிளிப்பிலும் தப்பு அடிக்கிறார்கள், அடியின் வேகம் வேறு வேறு என்றால் ஒன்றின் மேல் ஒன்றைக் கரைக்காதீர்கள், இரண்டு தாளமும் மோதும். அங்கே அடி விழுகிற இடத்தில் கட் செய்யுங்கள். பேச்சு, கூட்டச் சத்தம் போன்றவற்றுக்குக் கான்ஸ்டன்ட் பவர் கிராஸ்ஃபேட் வையுங்கள், நடுவில் சத்தம் குழி விழாது.

கடைசியாக எக்ஸ்போர்ட். டிசால்வும் பனியும் கம்ப்ரஷனுக்குக் கஷ்டமானவை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு பிக்சலும் மாறுவதால், முந்திய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள அதற்கு அதிகம் கிடைப்பதில்லை. பிட்ரேட் (விநாடிக்கு ஒதுக்குகிற தரவின் அளவு) குறைவாக இருந்தால் முதலில் கட்டம் கட்டமாக உடைவது டிரான்சிஷன்தான். அகலமான ஃபெதரும் வெண்பனியும் சேர்ந்தால் 8 பிட் வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மேலே மிக லேசாகக் கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) தூவினால் அது மறையும். நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கொழும்பில், மீதிப் பேர் சவூதியிலும் துபாயிலும் இருக்கிற உறவுகளுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள், அங்கே இன்னொரு முறை நசுங்கும். ஆகவே டிஸ்க்கில் கொடுப்பதற்கு ஒன்று, ஃபோனுக்கு ஒன்று என்று இரண்டு கோப்பு எடுங்கள். ஃபோன் கோப்பில் நீண்ட டிசால்வ்களை 10 ஃபிரேமுக்குக் குறையுங்கள், உடைகிற இடத்தைக் கட்டாக மாற்றிவிடுங்கள். அதை உங்கள் ஃபோனுக்கே வாட்ஸ்அப்பில் ஒரு தடவை அனுப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள்.