1972ஆம் ஆண்டுக் கிற்றாரும் 1957இன் மறுவெளியீடும்: உள்ளே இருப்பது எந்த ஆண்டின் மரவேலை?

கேள்வி: மல்லாவியிலிருந்து எழுதியிருக்கும் வாசகரிடம், கனடாவிலுள்ள பெரியப்பா கொடுத்த, கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் டீலக்ஸ் மின்கிற்றார் ஒன்று இருக்கிறது. முகப்பு தங்க நிறம். 1972இல் செய்யப்பட்டது என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். வவுனியாவிலுள்ள நண்பரிடம், 1957ஆம் ஆண்டு மாதிரியைப் பின்பற்றி 1990களின் பிற்பகுதியில் அதே நிறுவனம் செய்த மறுவெளியீடு இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாமா என்று நண்பர் கேட்கிறார். "என்னுடையதுதானே உண்மையில் பழையது? அவருடையது பழையதைப் பார்த்துச் செய்த புதியது. பிக்கப்புகளைத் தவிர வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. உள்ளே மரவேலையில் வேறுபாடு உண்டா, அதைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா, மாற்றலாமா?" என்பது அவருடைய கேள்வி.

பதில்: வேறுபாடு உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் திசையில் அல்ல. 1957இன் மரவேலைக்கு உங்களுடைய 1972ஆம் ஆண்டுக் கிற்றாரைவிட உங்கள் நண்பருடைய மறுவெளியீடே நெருக்கமானது. மறுவெளியீடு என்பது ஒரு குறிப்பிட்ட ஆண்டின் வேலையை மீண்டும் செய்து பார்க்கும் முயற்சி. உங்களுடையதோ, அந்த வேலைமுறையைப் பல இடங்களில் கைவிட்டிருந்த தொழிற்சாலையிலிருந்து தன் காலத்துக்குரிய முறையில் வெளிவந்தது. ஆகவே எது பழையது என்பதற்கு முன், உள்ளே இருப்பது எந்த ஆண்டின் மரவேலை என்று பார்க்க வேண்டும்.

லெஸ் போல் மாதிரி 1952இல் அறிமுகமானது. 1957இல், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புகளில் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் வகை வந்தது. 1958இல் தங்க நிறத்துக்குப் பதிலாக, ஓரங்களில் சிவந்து நடுவில் மஞ்சளாகும் பூச்சு வந்தது. 1960உடன் அந்த வடிவமே நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டில் இரட்டைக் கொம்புள்ள மெல்லிய உடல் அதன் இடத்துக்கு வந்தது. பழைய வடிவம் 1968இல்தான் திரும்பியது. மறு ஆண்டின் இறுதியில் நிறுவனம் கைமாறியது. மரவேலையின் பெரிய மாற்றங்கள் இந்தக் கைமாற்றத்தை ஒட்டியே நிகழ்ந்தன.

1950களின் உடல் இப்படி அமைந்தது. அடியில் ஏறத்தாழ 44 மில்லிமீற்றர் தடிப்புள்ள மகோகனிப் பலகை. அதன்மேல், நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும்படி செதுக்கிய மேப்பிள் முகப்பு. மேப்பிளை ஒட்டுவதற்கு முன்பே, ஆளியிலிருந்து குமிழ்களின் அறைக்கு வயர் போவதற்கான வாய்க்கால் மகோகனியில் வெட்டப்பட்டுவிடும். ஒட்டியபின் அது மூடப்பட்ட சுரங்கமாகிவிடும். கழுத்து ஒரே துண்டு மகோகனி. அது உடலோடு சேரும் இடத்தில் நீண்ட கழுந்து இருந்தது. கதவு நிலையில் குறுக்குச் சட்டத்தின் நாக்கு நெடுஞ்சட்டத்தின் பொளிக்குள் இறங்கி இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். அந்தக் கழுந்து விரற்பலகையின் முடிவையும் தாண்டி, கழுத்துப் பக்கப் பிக்கப் இருக்கும் குழிக்குள் வந்து நிற்கும். ஒட்டுவதற்கு வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை, பயன்பட்டது.

உங்களுடைய கிற்றாருக்கு வருவோம். 1969 தொடக்கம் 1970களின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்வரை, அடிப்பலகை ஒரே தடித்த மகோகனியாக இருக்கவில்லை. இரண்டு மகோகனிப் பலகைகளுக்கு நடுவே மெல்லிய மேப்பிள் தகடு ஒன்றை வைத்து ஒட்டினார்கள். அடுக்கிய தோசைகளைப் போல் தெரிவதால் ஆங்கிலத்தில் அதற்கு 'பான்கேக்' உடல் என்று பெயர் விழுந்துவிட்டது. முகப்பு மேப்பிள் பல சமயங்களில் மூன்று துண்டுகளால் ஆனது. தங்கப் பூச்சு அந்த ஒட்டுகளை மறைத்துவிடும். கழுத்தும் பெரும்பாலும் மூன்று நெடுந்துண்டுகளை ஒட்டிச் செய்தது. தலைப்பகுதியின் பின்னால், கழுத்து தலையோடு சேரும் இடத்தில், ஒரு சிறிய புடைப்பு விடப்பட்டிருக்கும். கழுந்து 1969க்குப் பின் குறுகிக்கொண்டே வந்தது. உங்களுடையதில் அது பிக்கப் குழிக்குள் சிறிதளவே எட்டிப் பார்க்கும். பத்தாண்டின் பிற்பகுதியில் செய்தவற்றில் அதுவும் இல்லை.

நண்பருடையதன் கதை வேறு. நிறுவனத்தின் தனிப் பட்டறை 1993இல் 1950களின் மாதிரிகளை முறையாக மறுவெளியீடு செய்யத் தொடங்கியபோது, நீண்ட கழுந்து, ஒரே துண்டு மகோகனிக் கழுத்து, நடுத் தகடு இல்லாத அடிப்பலகை ஆகிய மூன்றும் திரும்பி வந்தன. ஆனாலும் அது அசலின் அச்சு அல்ல. 1950களில், கழுத்து வளையாமல் தாங்குவதற்கு அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பி நேரடியாக மரத்தில் கிடந்தது; 2013க்கு முந்திய மறுவெளியீடுகளில் அதற்கு ஒரு பிளாஸ்ரிக் உறை போட்டார்கள். கழுத்தை ஒட்டுவதற்கு வச்சிரம் திரும்பியதும் அந்தச் சமயத்தில்தான். நண்பருடையது இன்றைய தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை வகையால் ஒட்டப்பட்டிருக்கும். அசலின் விரற்பலகை பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் கடுமையாகத் தடுக்கப்பட்டிருப்பதால், மறுவெளியீடுகளில் பொதுவாக இந்திய ரோஸ்வுட்டையே காண்பீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய தோற்றத்தோடு வரும் எல்லாவற்றையும் கடைகளில் 'மறுவெளியீடு' என்று சொல்லி விற்கிறார்கள். தனிப் பட்டறையில் செய்யாத வழமையான லெஸ் போல் ஸ்டாண்டர்டில், 1980களின் தொடக்கத்திலிருந்து, மேப்பிளை ஒட்டுமுன் மகோகனியில் ஒன்பது துளைகள் போட்டு எடையைக் குறைத்தார்கள். 2000களின் பிற்பகுதியில் அது பெரிய வெற்றறைகளாக மாறியது. முகப்பு மூடிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது; தட்டிப் பார்த்து அறியலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் மட்டும் அவை வட்டங்களாகத் தெளிவாகத் தெரியும். 1970களில் ஜப்பானில் செய்யப்பட்ட மலிவான நகல்கள் பலவற்றில் கழுத்து திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும்; அழுத்தி வளைத்த ஒட்டுப்பலகை முகப்பின் கீழே வெறும் காற்றுத்தான் இருக்கும். எங்கள் பக்கத்துத் தேவாலயங்களிலும் இசைக்குழுக்களிலும் 'பழைய லெஸ் போல்' என்ற பெயரில் என் கைக்கு வந்தவற்றில் அதிகமானவை இந்த வகையே. அவையும் நல்ல வாத்தியங்களாக இருக்கலாம்; ஆனால் பெயர் வேறு, பொருள் வேறு.

இனி, பார்க்கும் முறை. முதலில் எதையும் கழற்றாமல், வார் மாட்டும் குமிழின் அருகே உடலின் பக்கவாட்டை வெயிலில் பாருங்கள். மகோகனியின் நடுவே வெளிறிய கோடு ஒன்று உடலைச் சுற்றி ஓடினால் அது மூன்றடுக்கு உடல். பின்பு முதுகிலுள்ள பெரிய மூடியின் ஸ்குறூக்களைக் கழற்றி, குழியின் சுவரில் அதே அடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். 1970களின் கிற்றார்களில் பொட்கள், அதாவது குமிழ்களின் கீழே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகங்கள், ஓர் உலோகத் தட்டின்மேல் பொருத்தப்பட்டிருப்பது வழமை. அதைக் கண்டு யாரோ மாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம். பொட்டின் உடலில் பொறித்த இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 137 என்று தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத்தின் பொட். 1377223 என்றிருந்தால் 1972ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கிற்றார் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது, பொட் பின்னர் மாற்றப்பட்டிருந்தாலன்றி.

கழுந்தைப் பார்ப்பதற்குத் தந்திகளைத் தளர்த்தி, கழுத்துப் பக்கப் பிக்கப்பை உடலோடு பிடித்திருக்கும் சிறிய ஸ்குறூக்களை மட்டும் கழற்றுங்கள். பிக்கப்பை மெதுவாக மேலே தூக்கி, மடித்த துணி ஒன்றின்மேல் சாய்த்து வையுங்கள்; வயரை இழுக்கவும் வேண்டாம், ஈயப் பற்றை உருக்கவும் வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த ஈயப் பற்று கலையாமல் இருப்பதற்கே ஒரு பெறுமதி உண்டு. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, கழுத்துப் பக்கச் சுவரைப் பாருங்கள். பல் வைத்தியர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட கழுந்து என்றால், குழிக்குள் ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் இழை கழுத்தின் போக்கிலேயே ஓடும். இருபுறமும் உடலின் மரத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற பசைக்கோடு தெரியும். குறுகிய கழுந்து என்றால் சுவர் ஏறத்தாழ நேராக இருக்கும்.

அதே குழியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் தீர்மானம் உண்மையில் இதில்தான் தங்கியிருக்கிறது. டீலக்ஸ் 1969இல் வந்தபோது அதில் வைத்தவை சிறிய ஹம்பக்கர்கள். பெரிய ஹம்பக்கர்களை விரும்பியவர்கள் பின்னாளில் அந்தக் குழிகளை அகலப்படுத்திக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சியில் என் மேசைக்கு வந்த ஒரு டீலக்ஸில், சிறிய பிக்கப்புகளே திரும்பப் பொருத்தப்பட்டிருந்ததால் வெளியே சந்தேகத்துக்கே இடமிருக்கவில்லை. தூக்கிப் பார்த்தபோது, தொழிற்சாலையின் வழுவழுப்பான வளைவுக்கு அப்பால் உளி கொத்திய படிகள் தெரிந்தன. கொத்திய இடத்து மேப்பிள், பூச்சுத் தூசி படாமல் வெளுத்திருந்தது. கழுந்தின் எஞ்சிய நாக்கையும் யாரோ சீவி எறிந்திருந்தார்கள். உரிமையாளர் அருகில் நின்றிருந்தார். அந்த வெளுத்த மரத்தைக் காட்டியபோது அவருடைய முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. கிற்றார் நன்றாகவே ஒலித்தது. ஆனால் அது மாற்றப்படாத 1970களின் டீலக்ஸ் என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது.

ஒலியைப் பற்றியும் கேட்பீர்கள். நீண்ட கழுந்து இருந்தால் ஓசை நீடித்து நிற்கும் என்று உறுதியாகச் சொல்பவர்கள் பலர். என் அனுபவத்தில், கழுந்தின் நீளத்தைவிட, அது பொளிக்குள் இடைவெளியின்றி இறுகியிருக்கிறதா என்பதே முக்கியம். மூட்டு நன்றாக இருந்தால், இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிய என்னால் முடிந்ததில்லை. உங்கள் தோள் உணரப்போவது எடையைத்தான். 1970களின் லெஸ் போல் பல நாலரைக் கிலோவைத் தொடும் அல்லது தாண்டும். மறுவெளியீடுகளுக்கு இலேசான மகோகனியைத் தேர்ந்தெடுப்பதால், அவை பெரும்பாலும் நான்கு கிலோவை ஒட்டி நிற்கும். திருவிழா மேடையில் மூன்று மணித்தியாலம் நின்று வாசிப்பவருக்கு அந்த அரைக் கிலோ சிறிய விடயமல்ல.

உங்களுடையதற்குச் சாதகமான ஒன்றும் உண்டு. இந்த வகைக் கிற்றார்களில் என்னிடம் அதிகம் வரும் திருத்தம், தலை முறிந்தது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் திருகாணிக்காக மரம் தோண்டப்பட்ட இடமே கழுத்தின் மெலிந்த இடமுமாகும். பேருந்தின் பின்னிருக்கையில் சாய்த்து வைத்து விழுந்தால் அங்கேதான் முறியும். 1950களின் கழுத்துக்கும் அதன் மறுவெளியீட்டுக்கும் இந்தப் பலவீனம் அப்படியே உண்டு. உங்களுடையதிலுள்ள புடைப்பும் மூன்று துண்டு ஒட்டும் அழகைக் குறைத்ததாகச் சேகரிப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் அவை அந்த இடத்தைப் பலப்படுத்தவே செய்கின்றன. முறிவை ஒட்டும்போது புதிய துண்டு தேவைப்பட்டால் அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதில்லை. இலங்கையில் நட்டு வளர்க்கும் பேரிலை மகோகனி, மத்திய, தென் அமெரிக்காவுக்குரிய அதே இனம்தான். நன்றாகக் காய்ந்த துண்டு எங்கள் தச்சர்களிடமே கிடைக்கும்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோளகக் காலத்தில் மரம் காய்ந்து சுருங்கும். மாரியில் ஈரம் குடித்து விரியும். நைட்ரோசெலுலோஸ் லாக்கர் பூசிய இரண்டு கிற்றார்களுமே இதனால் நுண்வெடிப்புக் காட்டலாம். அது பூச்சின் வெடிப்பு, மரத்தினுடையதல்ல. ஆனால் வெள்ளைப் பசையானாலும் வச்சிரமானாலும் அதிக சூட்டில் இளகும். நண்பகலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய வானுக்குள் கழுத்தின் மூட்டு நகர்ந்துவிட்ட கிற்றார்களைத் திருத்தியிருக்கிறேன். றப்பர் தாங்கியில் நிறுத்தியும் வைக்க வேண்டாம்; றப்பர் அந்த லாக்கரை உருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். குழிகள் உளி படாமலும், ஈயப் பற்று கலையாமலும், தலை முறிந்து ஒட்டப்படாமலும் இருந்தால் மாற்ற வேண்டாம். 1957இன் மறுவெளியீட்டை என்றும் தேடி வாங்கிக்கொள்ளலாம். கை படாத டீலக்ஸ் குறைந்துகொண்டே போகிறது, அதிலும் அது உங்கள் பெரியப்பாவின் கையிலிருந்து வந்தது. குழிகள் அகலப்படுத்தப்பட்டிருந்தால் மாற்றுவதில் நட்டமில்லை. ஆனால் பேச்சை முடிக்குமுன் நண்பருடைய கிற்றாரிலும் கழுத்துப் பிக்கப்பை அவர் முன்னிலையிலேயே தூக்கிப் பாருங்கள். கழுந்து குழிக்குள் நீண்டு நிற்கவில்லை என்றால், அது அவர் சொல்லும் மறுவெளியீடு அல்ல.