தோட்டத்துக்கு வரும் காட்டுமாட்டைச் சுடலாமா?

கேள்வி: ஏற்காடு மலையில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. ஒற்றைக் காட்டுமாடு ஒன்று விடாமல் உள்ளே வருகிறது. போன மாதம் மிளகு பறிக்கப் போன என் சித்தப்பாவைக் குத்தித் தொடையைக் கிழித்துவிட்டது. அடிவாரத்தில் உள்ள மரவள்ளியையும் பன்றிகள் கிளறித் தின்கின்றன. 'ராத்திரி நாட்டுத் துப்பாக்கியோடு உட்காருவோம், கேட்டால் தற்காப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்' என்கிறார்கள் ஊரில். சொல்லலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து உட்காராதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஊரார் நம்பும் தற்காப்பு உங்களைக் காப்பாற்றாது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11(2), தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. அதை ஒட்டியே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்த விலக்கு கிடையாது. சுருக்கு வைப்பது, விஷம் வைப்பது, கொல்ல முயல்வது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். மருந்து கெட்டித்துப் பரணில் காத்திருந்தவர், மாடு பாய வந்ததால்தான் சுட்டேன் என்றால் எந்த நீதிமன்றம் நம்பும்? காட்டுமாடு, சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலான முதல் அட்டவணையில் உள்ளது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உரிமமில்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு. செத்த மாடு அரசின் சொத்து, அதனால் கறியில் பங்கு வாங்கிய வீடுகளும் மாட்டிக்கொள்ளும்.

பிரிவு 11(1)(அ)வின்படி, முதல் அட்டவணை விலங்கைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு மட்டுமே. பயிர்ச்சேதம் அதற்குக் காரணமாகாது, மனித உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தியடைந்து, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 2021இல் நீலகிரியில் டி23 என்று எண்ணிட்ட புலிக்கு வேட்டை உத்தரவே வந்தது. உயர் நீதிமன்றம் உடனே கொல்லாதீர்கள் என்றது, கடைசியில் மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடித்தார்கள்.

பன்றி இரண்டாம் அட்டவணை, அங்கே பயிர்ச்சேதமும் காரணமாகும். 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடக்கூடாது. ஆகவே உங்கள் மரவள்ளிக்காடு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வனச்சரகரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலியில் நேரடி மின்சாரம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதில் மனிதர் செத்தால் வழக்கே வேறு.

சித்தப்பாவின் காயத்துக்கு நிவாரணம் உண்டு. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், சிகிச்சைச் சான்று, குளம்படித் தடத்தின் படம் எல்லாம் சேருங்கள். மாடு வந்த தேதிகளை வரிசையாக எழுதி, 'பிரிவு 11(1)(அ)வின்கீழ் பிடித்து இடம் மாற்றக் கோருகிறேன்' என்று மாவட்ட வன அலுவலருக்கு மனுக் கொடுங்கள். தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் நகல் போகட்டும். ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். மனு கிடப்பில் கிடந்தால், அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட அந்த ஒப்புகைதான் வேண்டும்.