ஒற்றைக் கடிதத்துக்கு ஒரு பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அச்சு நூல்களைப் பட்டியலிட விரிவான விதிகள் இருக்கும்போது, ஒரு கடிதத்துக்கோ நாட்குறிப்புக்கோ தனி விதிகள் எதற்கு? (நூலக அறிவியல் மாணவி)

பதில்: அச்சு நூலுக்கு முகப்புப் பக்கம் இருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். பட்டியலாக்குநர் அவற்றைப் பார்த்து எழுதினால் போதும். ஒரு நூலகம் எழுதிய பதிவை, அதே பதிப்பை வைத்திருக்கும் மற்றொரு நூலகம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியும். கையெழுத்துப்படியில் இந்த இரண்டு வசதியும் இல்லை. அது ஒன்றே ஒன்றுதான், பெரும்பாலும் பெயரில்லாதது. ஆகவே தலைப்பு முதல் காலம் வரை பலவற்றையும் பட்டியலாக்குநரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தீர்மானித்தவை எவை, படியிலேயே எழுதப்பட்டிருந்தவை எவை என்பதைப் பதிவைப் படிப்பவர் பிரித்தறியும்படி செய்வதே இவ்விதிகளின் தலையாய வேலை.

1978-இல் வெளிவந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, தன் நான்காம் இயலைக் கையெழுத்துப்படிகளுக்கு ஒதுக்கியது. ஆவணக் காப்பகத்தாருக்கு அது நிறைவளிக்கவில்லை. 1983-இல் ஸ்டீவன் ஹென்சன் உருவாக்கிய கையேடும், பின்னர் 2004-இல் அதன் இடத்தைப் பிடித்த அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கத்தின் விதிகளும், ஒருவர் விட்டுச்சென்ற தாள்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகக் கொண்டு விவரிப்பதிலேயே பெரிதும் கருத்தூன்றின. இடைக்கால, மறுமலர்ச்சிக் காலச் சுவடிகளுக்கும் தனி விதிநூல் வந்துவிட்டது. நடுவில் விடுபட்டுப்போனது, அண்மை நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒற்றைக் கடிதமும் ஒற்றை நாட்குறிப்பும்தான். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கத்தின் அரிய நூல், கையெழுத்துப்படிப் பிரிவு 2016-இல் வெளியிட்ட கையெழுத்துப்படி விதிநூல் அந்த இடைவெளியை நிரப்பியது. அச்சு நூல்களுக்கான அதன் உடன்பிறப்பு 2007-இலேயே வந்துவிட்டது என்பதைப் பார்த்தால், கையெழுத்துப்படிகளுக்கு விதி செய்வது எவ்வளவு நிதானமான வேலை என்பது விளங்கும்.

கேள்வி: தலைப்பே இல்லாத கடிதத்துக்கு என்ன தலைப்பு இடுவது? எங்கள் பழைய பேரேட்டில் ‘ஒரு பழைய கடிதம்’ என்று மட்டுமே இருக்கிறது.

பதில்: அப்படி எழுதியவர் கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, அதைத் தேடி வருபவரைக் கைவிட்டுவிட்டார். தலைப்பில் நான்கு செய்திகள் இருந்தாக வேண்டும்: அது என்ன வகை எழுத்து, யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எப்போது எழுதியது. 1860 அக்டோபர் மாதம், தாடி வளர்த்தால் வாக்குக் கூடும் என்று அறிவுரை எழுதிய பதினொரு வயதுச் சிறுமிக்கு ஆபிரகாம் லிங்கன் பதில் எழுதினார். அதன் தலைப்பு ‘ஆபிரகாம் லிங்கன் கடிதம், கிரேஸ் பெடலுக்கு, 1860 அக்டோபர் 19’ என்று அமையலாம். கையொப்பத்தில் ‘ஏ. லிங்கன்’ என்றுதான் இருக்கிறது. ஆயினும் நாம் இடும் தலைப்பில் முழுப் பெயர் வருவதே பயன்தரும். கையொப்பத்தில் உள்ள வடிவம் குறிப்புப் பகுதிக்குப் போகட்டும். ‘தலைப்பு பட்டியலாக்குநர் இட்டது’ என்ற ஒரு வரியும் அங்கே தவறாமல் இடம்பெற வேண்டும். தாடி பற்றிய செய்தியைத் தலைப்பில் திணிக்க வேண்டாம். அதற்குப் பொருட்சுருக்கம் இருக்கிறது.

கேள்வி: எழுத்துப் பிழைகளைத் திருத்தலாமா?

பதில்: கூடாது. படியிலிருந்து எடுத்தெழுதும் சொற்கள் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும். தேடுபவருக்கு உதவத் திருந்திய வடிவத்தைக் குறிப்பில் தரலாம்.

கேள்வி: எங்களிடம் உள்ள ஒரு கடிதத்தை ஒருவர் ‘1 தாள்’ என்றும், இன்னொருவர் ‘2 தாள்’ என்றும், மூன்றாமவர் ‘3 பக்கம்’ என்றும் பதிந்திருக்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: மூவரும் பார்த்தது ஒரே பொருளைத்தான், ஒவ்வொருவரும் எண்ணியது வேறு. பெரிய தாள் ஒன்றை நடுவில் மடித்தால் இரண்டு ஏடுகளும் நான்கு பக்கங்களும் கிடைக்கும். முதல் மூன்று பக்கங்களில் கடிதம் எழுதி, நான்காவது பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, அரக்கு முத்திரையிட்டு, அங்கேயே முகவரி எழுதி அனுப்புவது ஒரு காலத்தில் பரவலான வழக்கம். பிரிட்டனில் 1840-க்கு முன்பு தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அஞ்சல் கட்டணம் கூடியது; உறையையும் ஒரு தாளாகக் கணக்கிட்டார்கள். அதனால் உறை பயன்படுத்துவதே வீண் செலவாக இருந்தது. எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, அதன் மேலேயே மீண்டும் எழுதியவர்களும் உண்டு.

ஆகவே உங்கள் விதியில் எண்ணும் அலகு எது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ‘1 கடிதம் (மடித்த ஒரு தாள், 4 பக்கம்), 23 செ.மீ.’ என்ற வடிவம் எனக்கு ஏற்புடையது. மடித்த நிலையில் அளந்ததா, விரித்து அளந்ததா என்பதையும் சேர்த்துவிட்டால் ஐயமே எழாது. நான்காம் பக்கத்தில் முகவரியும் அஞ்சல் முத்திரையும் இருப்பதைக் குறிப்பில் சொல்ல வேண்டும். எழுத்து இல்லாத பக்கம் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதைப் பல பதிவுகளில் காண்கிறேன். கடிதம் உண்மையிலேயே அனுப்பப்பட்டது என்பதற்கு உள்ள ஒரே சான்று அந்தப் பக்கமாகவே இருக்கக்கூடும். அது வெறுமையாக இருந்தால் நம் கையில் இருப்பது வரைவாகவோ, அனுப்பியவர் வைத்துக்கொண்ட நகலாகவோ இருக்கலாம். தனி உறையில் வைத்து அனுப்பியதாகவும் இருக்கலாம்.

கேள்வி: கடிதத்தில் தேதி தெளிவாக இருந்தால் அதை அப்படியே பதியலாம் அல்லவா? அதற்கும் விதி வேண்டுமா?

பதில்: தேதி தெளிவாக இருக்கும் இடத்தில்தான் பட்டியலாக்குநர் எச்சரிக்கையை இழக்கிறார். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. எனவே 1720 பிப்ரவரி 10 என்று அங்கே எழுதப்பட்ட ஒரு கடிதம், நம் கணக்கில் பெரும்பாலும் 1721-ஐச் சேர்ந்தது. ஸ்காட்லாந்திலோ 1600 முதலே ஜனவரி முதல் நாளை ஆண்டின் தொடக்கமாகக் கொண்டுவிட்டார்கள். ஒரே தேதியிட்ட இரண்டு கடிதங்கள், எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்து ஓராண்டு விலகி நிற்கும் என்பதே இதன் பொருள். அதனால் படியில் உள்ள தேதியை அப்படியே எடுத்தெழுதி, தேடலுக்கான ஆண்டைத் திருத்திய கணக்கில் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் குறிப்பில் சொல்ல வேண்டும்.

வேறொரு சிக்கலும் உண்டு. லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரைக்கு அவர் கைப்பட எழுதிய ஐந்து படிகள் இருக்கின்றன. அவற்றுள் பிளிஸ் படி எனப்படுவதில் தலைப்பு, கையொப்பம், ‘1863 நவம்பர் 19’ என்ற தேதி மூன்றும் உள்ளன. அந்தத் தேதி உரை நிகழ்ந்த நாள். படியோ 1864-இல், அறநிதி திரட்டும் ஒரு விழாவுக்கான தொகுப்பில் சேர்ப்பதற்காக எழுதப்பட்டது. கண்ணில் பட்ட தேதியைப் பதிந்துவிட்டால், நிகழ்ச்சிக்குப் பின் எழுதப்பட்ட நேர்த்தியான பிரதி, மேடைக்கு எடுத்துச் சென்ற தாளாக மாறிவிடும்.

கேள்வி: ஒவ்வொரு கடிதத்துக்கும் தனிப் பதிவு எழுத ஆள் எங்கே இருக்கிறார்கள்?

பதில்: ஒவ்வொன்றுக்கும் வேண்டியதில்லை. தனியாக விலைக்கு வாங்கியது, அடிக்கடி கேட்கப்படுவது, கண்காட்சிக்கு அனுப்பப்படுவது, திருட்டுக்கு இலக்காகக்கூடியது ஆகியவற்றுக்கு மட்டும் எழுதுங்கள். மற்றவை தொகுப்புப் பதிவிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் நூலகத்துக்கென ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம். விதிகளை எழுதி முடித்துவிட்டோம். எடுத்துக்காட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? (கல்லூரி நூலகர்)

பதில்: விதிகளை எழுதி முடித்துவிட்டதாக நீங்கள் சொல்வதைச் சற்று மறுக்கிறேன். கையெழுத்துப்படிகளைப் பொறுத்தவரை, எடுத்துக்காட்டைச் சேர்க்கும்போதுதான் விதியில் உள்ள ஓட்டை தெரிகிறது. ‘மூலமா, பிரதியா என்பதைக் குறிப்பிடவும்’ என்ற விதியை யாரும் எளிதாக எழுதிவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மகன்களை இழந்த பிக்ஸ்பி அம்மையாருக்கு 1864 நவம்பர் 21 தேதியிட்டு லிங்கன் பெயரில் சென்ற இரங்கல் கடிதத்தை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்துப் பாருங்கள். அதன் மூலப்படி இன்றுவரை கிடைக்கவில்லை. கல்லச்சில் எடுத்த அதன் உருநகல்களோ ஏராளமாகப் புழங்கின. அதை எழுதியவர் லிங்கனா, அவருடைய செயலர் ஜான் ஹேயா என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இப்போது உங்கள் விதி, கையெழுத்துப்படி போலத் தோன்றும் அச்சுத் தாளை எந்தப் பொருள்வகையில் சேர்ப்பது, ஐயத்துக்குரிய ஆசிரியரை எந்த இடத்தில் எழுதுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

கெட்டிஸ்பர்க் உரையின் ஐந்து படிகளையும் ஒருசேர எடுத்துக்கொள்வதும் நல்லது. உரை ஒன்று, படிகள் ஐந்து. இரண்டு காங்கிரஸ் நூலகத்திலும், மற்றவை கார்னெல் பல்கலைக்கழகத்திலும் இல்லினாய் மாநிலத்திலும் வெள்ளை மாளிகையிலும் உள்ளன. ஐந்து பதிவுகளையும் இணைக்கப் பொதுவான ஆக்கத் தலைப்பும், பிரித்துக்காட்ட ஒவ்வொன்றுக்கும் உரிய விவரமும் வேண்டும். கார்னெலில் உள்ள பான்கிராஃப்ட் படி தாளின் இரு பக்கமும் எழுதப்பட்டதால், மேலே சொன்ன அறநிதி விழாத் தொகுப்பில் உருநகலாக அச்சிட ஏற்றதாக இல்லை. அதனால்தான் பிளிஸ் படியை எழுத நேர்ந்தது. தாளின் எந்தப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது என்ற அற்பமான விவரம்கூட ஒரு படியின் பிறப்பை விளக்கிவிடுகிறது.

துண்டு துண்டாக ஒரு வரி எடுத்துக்காட்டுகளைத் தருவதோடு நிறுத்தாமல், பின்னிணைப்பில் முழுப் பதிவுகளையும் அந்தந்தப் படியின் படத்தோடு கொடுங்கள். படம் இல்லாத எடுத்துக்காட்டைப் படிப்பவர் நம்பத்தான் முடியும், சரிபார்க்க முடியாது. பிறகு, கையேட்டின் வரைவை அச்சுக்குக் கொடுக்குமுன், அதைத் தயாரிப்பதில் பங்கேற்காத மூவரிடம் ஒரே கையெழுத்துப்படியைத் தனித்தனியாகக் கொடுத்து, ஒருவரையொருவர் கேட்காமல் பதிவு எழுதச் சொல்லுங்கள். மூன்று பதிவுகளும் வேறுபடும் இடங்களைக் குறித்துக்கொண்டு, புதிய எடுத்துக்காட்டுகளை அந்த இடங்களில் சேருங்கள். பெயரும் தேதியும் தெளிவாக உள்ள, எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் கடிதங்களுக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும்.