வெளியாரின் கண்ணில் நம் வழிபாடு

"ஒருமுறை கத்தோலிக்கரின் திருப்பலி வழிபாட்டைப் பார்த்துவிட்டுப் போகும் பிறமதத்தவரின் கருத்துக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழக்கத்தால் நமக்குத் தெரியாமல் போவது அவர் கண்ணில்தான் முதலில் படும்; மதிப்பு அதில்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரி அருகே ஒரு பங்குக் கோயிலில், கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு என் பக்கத்து வீட்டு மாந்தோப்புக்காரரை அழைத்துப் போயிருந்தேன். நற்கருணைக்காக (கிறிஸ்துவின் உடலாக நம்பிக் கத்தோலிக்கர் பெறும் அப்பம்) வரிசை நகர்ந்தபோது, பிரசாதம் என்று எண்ணி அவரும் எழுந்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையசைத்து உட்கார வைத்தாரே தவிர, காரணம் சொல்லவில்லை. (நானும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) "கூப்பிட்டீர்கள், ஆனால் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே" என்றார் பிறகு.

வெளியாரின் பார்வையை அளவுகோலாக வைப்பது புதிய யோசனை அன்று. எல்லாரும் புரியாத மொழிகளில் பேசும் சபைக்குள் வெளியார் ஒருவர் நுழைந்தால் உங்களுக்குப் பித்துப்பிடித்தது என்று சொல்லமாட்டாரா என்று, விவிலியத்தில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கிறார். லத்தீனில் நடந்த திருப்பலி 1960களில், கத்தோலிக்க ஆயர்களின் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டித் தமிழுக்கு வந்தது. மொழி புரிந்ததால் சடங்கும் புரிந்துவிட்டது என்று நாம் இருந்துவிட்டோம்.

மாந்தோப்புக்காரருக்காக நற்கருணை ஒழுங்கை மாற்றத் தேவையில்லை. ஆனால் அதன் பொருளை அவருக்கு இரண்டு வாக்கியங்களில் சொல்ல முயன்றபோதுதான், எனக்கே அது சரளமாக வரவில்லை என்பது தெரிந்தது.