13 மாதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். என் அப்பா 1998 ஜூன் முதல் 2013 மே வரை புதுச்சேரியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தார். 15 வருடமும் தினம் பஸ்ஸில்தான் போய் வந்தார். இப்போது அந்தத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. போன வருடம் அப்பாவுக்கு 58 வயது முடிந்ததும் பென்ஷனுக்காக 10டி படிவத்தை எடுத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்துக்குப் போனோம். ‘2005 ஜனவரியில் இருந்துதான் சர்வீஸ் இருக்கிறது, மொத்தம் 8 வருடம் 5 மாதம். 10 வருடம் இல்லாததால் பென்ஷன் வராது. 10சி எழுதிக் கொடுத்தால் 53,000 ரூபாய் சொச்சம் கிடைக்கும்’ என்று கவுன்ட்டரிலேயே சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2015 வெள்ளத்தில் வீட்டில் இருந்த காகிதங்கள் போய்விட்டன. மிஞ்சியவை 2001-02ஆம் ஆண்டின் பி.எஃப். கணக்குச் சீட்டு ஒன்று, 2003இல் வாங்கிய சம்பளச் சீட்டு இரண்டு, இ.எஸ்.ஐ. அட்டை. நகல்களை இணைத்திருக்கிறேன். அப்பாவோடு சேர்ந்த இருவருக்குப் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய கணக்கைக் கேட்டு வாங்க முடியுமா? தனியார் கம்பெனி என்பதால் தகவல் உரிமைச் சட்டம் இதற்குச் செல்லாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கிடைத்த பணத்தையாவது வாங்கிவிடலாம் என்று அப்பா சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். 10சி படிவத்தில் அப்பா கையெழுத்துப் போடவே கூடாது. மற்றதெல்லாம் பிறகு.

அந்தப் பணத்தை வாங்கிய நாளோடு 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் அவருக்கு இருக்கும் உறுப்பினர் உரிமை முடிந்துவிடும். நாளைக்கே பழைய ஆவணம் கிடைத்தாலும் பயன்படாது. பென்ஷன் கணக்குக்கு அன்று எடுத்துக்கொண்ட உச்சவரம்புச் சம்பளம் 6,500 ரூபாய். 8 வருட சர்வீஸுக்குத் திட்டம் தரும் பெருக்குக் காரணி 8.22. இரண்டையும் பெருக்கினால்தான் 53,430 ரூபாய் என்று கணக்கு வருகிறது. 15 வருடமும் ஏற்கப்பட்டால் கிடைக்கக்கூடிய பென்ஷனைப் பாருங்கள். 2014 செப்டம்பருக்கு முன் வேலையை விட்டவர்களுக்குக் கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரிதான் அடிப்படை. அது 6,500 என்று வைத்துக்கொண்டால், 15ஆல் பெருக்கி 70ஆல் வகுக்க மாதம் 1,393 ரூபாய். 39 மாதத்தில் அந்த 53,430ஐத் தாண்டிவிடும். அதற்குப் பிறகும் அப்பா இருக்கும்வரை வரும். அவர் காலத்துக்குப் பிறகு உங்கள் அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் 1,000 ரூபாய்க்குக் குறையாமல் வரும். தொகை பெரிதில்லைதான். ஆனால் முதுநகரில் ஒரு குடும்பத்துக்கு மாதம் பிறந்ததும் தவறாமல் வருகிற 1,393 ரூபாய் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும்.

இனி அந்த 13 மாதத்துக்கு வருகிறேன். திட்டத்தின்படி 10 வருடத் தகுதிச் சர்வீஸ் வேண்டும். ஆனால் ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள பின்னம் ஒரு வருடமாகக் கணக்கிடப்படும். அதாவது 9 வருடம் 6 மாதம் காட்டினாலே 10 வருடம் ஆகிவிடும். அலுவலகமே ஒப்புக்கொள்வது 8 வருடம் 5 மாதம். ஆக, பென்ஷனுக்குத் தகுதி பெற அப்பா நிரூபிக்க வேண்டியது 13 மாதம் மட்டுமே. விடுபட்ட 6 வருடம் 7 மாதத்தையும் சேர்ப்பது தொகையை உயர்த்துவதற்கு. அது இரண்டாம் கட்டம்.

நீங்கள் அனுப்பிய 2001-02 சீட்டின் நகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வெள்ளத்தில் நனைந்து காய்ந்த கறை பாதி எழுத்தை விழுங்கியிருக்கிறது. ஆனாலும் இரண்டு எண்கள் தெளிவாக இருக்கின்றன. அந்த ஆண்டுக்கு ஊழியர் பங்கு 3,456 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 1,056 ரூபாய். இரு தரப்பும் 12 சதவீதம்தானே கட்ட வேண்டும், ஏன் நிறுவனத்தின் பங்கு இவ்வளவு குறைவு என்று தோன்றலாம். நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போய்விடும், மிச்சம்தான் பி.எஃப். கணக்கில் ஏறும். 3,456இல் 1,056ஐக் கழித்தால் 2,400. மாதம் 200 ரூபாய் வீதம் 12 மாதம் உங்கள் அப்பா பெயரில் பென்ஷன் நிதிக்குப் போயிருக்கிறது. இதைச் சொல்வது கம்பெனி எழுதிக் கொடுத்த காகிதம் இல்லை, பி.எஃப். அலுவலகமே வெளியிட்ட சீட்டு. 12 மாதத்துக்கு இது போதும்.

மீதி ஒரே ஒரு மாதம். 2003ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டு இரண்டிலும் பி.எஃப். பிடித்தம் பதிவாகியிருக்கிறது. பிடித்ததைக் கம்பெனி கட்டியதா என்று அலுவலகம் கேட்கலாம். அதற்கும் பதில் திட்டத்திலேயே இருக்கிறது. பங்களிப்புச் சர்வீஸ் என்பதற்கு அங்கே தரப்பட்ட விளக்கம், நிதிக்கு வந்து சேர்ந்த பங்களிப்போடு வந்து சேர வேண்டிய பங்களிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறது. முதலாளி கட்டத் தவறியதற்குத் தொழிலாளியைத் தண்டிக்க இடமில்லை. மனுவில் இந்த வரியைத் தவறாமல் எழுதுங்கள்.

பிறகு ஏன் அலுவலகத்துக் கணக்கில் பழைய சர்வீஸ் இல்லை? சீட்டில் இருக்கும் கணக்கு எண்ணையும் கவுன்ட்டரில் உங்களுக்கு எழுதிக் கொடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறுப்பினர் எண் மட்டுமல்ல, நிறுவனத்தின் குறியீட்டு எண்ணும் வேறு. நிறுவனம் இடையில் புதிய குறியீடு வாங்கியிருக்க வேண்டும், தொழிலாளர்களைப் புதிய கணக்குக்கு மாற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய கணக்கு அழியவில்லை, வேறு பேரேட்டில் கிடக்கிறது. இந்த மாதிரி வழக்குகளில் நான் அடிக்கடி காண்பது இதுதான்.

இங்கே அப்பாவிடம் நீங்கள் தனியாக உட்கார்ந்து ஒன்று கேட்க வேண்டும். 2004, 2005 வாக்கில் கம்பெனியில் ஏதாவது படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களா, அப்போது பி.எஃப். பணம் என்று மொத்தமாக ஏதாவது கைக்கு வந்ததா? பி.எஃப். பணத்தை மட்டும் எடுத்திருந்தால் பாதகமில்லை. பென்ஷன் பணத்தையும் 10சி போட்டு வாங்கியிருந்தால் அந்த 6 வருடம் 7 மாதம் திரும்பாது, நான் மேலே சொன்னதெல்லாம் அங்கேயே நின்றுவிடும். மகன் படிப்பு, மகள் கல்யாணம் என்று அந்தக் காலத்தில் வாங்கிவிட்டு மறந்தவர்கள் பலர். அவரைக் குற்றவாளி போலக் கேட்காதீர்கள். நினைவில்லை என்றாலும் பரவாயில்லை, அதற்கும் அலுவலகத்தில் பதிவு இருக்கும்.

தகவல் உரிமைச் சட்டம் செல்லாது என்று உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் சரி. மூடிய கம்பெனியிடம் நீங்கள் மனுப் போட முடியாது. ஆனால் பி.எஃப். நிறுவனம் மத்திய அரசின் பொது அதிகார அமைப்பு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, வேறொரு சட்டத்தின்படி ஒரு பொது அமைப்பு தனியாரிடம் பெறக்கூடிய தகவலையும் ‘தகவல்’ என்றே சொல்கிறது. கம்பெனி ஆண்டுதோறும் தாக்கல் செய்த கணக்குகள் பி.எஃப். அலுவலகத்தின் ஆவணங்கள்தான்.

மனுவை அப்பா தன் பெயரிலேயே போட வேண்டும். நீங்கள் போட்டால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று எளிதாக மறுத்துவிடுவார்கள். தன் கணக்கைத் தானே கேட்பவரிடம் அந்தப் பேச்சே எழாது. அடையாள அட்டை நகலை இணைக்கட்டும். தமிழிலேயே எழுதலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு சின்ன விஷயத்தில் நம் பக்கத்தில் பலர் தவறுகிறார்கள். தாலுகா அலுவலகத்துக்கு எழுதுவதுபோல 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். அது தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு. மத்திய அமைப்புக்கு அஞ்சல் ஆணையாகவோ மத்திய அரசின் இணையதளம் வழியாகவோ அந்த 10 ரூபாயைச் செலுத்த வேண்டும்.

‘ஏன் பென்ஷன் மறுத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. இப்படிக் கேட்கலாம்:

“என் பழைய கணக்கு எண்ணுக்கு உரிய 1998-99 முதல் 2004-05 வரையிலான படிவம் 3ஏ, படிவம் 6ஏயில் என் பெயர் உள்ள வரி, நான் சேர்ந்ததைக் காட்டும் படிவம் 5, விலகலைக் காட்டும் படிவம் 10 இருந்தால் அதன் நகல், என் கணக்கின் பேரேட்டு நகல், இந்தக் கணக்கில் இருந்து ஓய்வூதியத் திட்டத்தில் ஏதேனும் தொகை வழங்கப்பட்டிருந்தால் அதற்கான கோரிக்கைப் படிவத்தின் நகல், இந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட எல்லாக் குறியீட்டு எண்களும் அவை வழங்கப்பட்ட தேதிகளும். இந்த ஆவணங்களை நேரில் பார்வையிடவும் விரும்புகிறேன்.”

3ஏ என்பது தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்று. மாதவாரியாகச் சம்பளம், பிடித்தம், பென்ஷன் நிதிக்குப் போன தொகை எல்லாம் அதில் தனித்தனிப் பத்தியில் இருக்கும். மாதாந்தரக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்யும் முறை 2012இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு இந்தக் காகிதங்களே அடிப்படை. அதனால் பார்வையிடுவதை விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டுக்கட்டாக இருக்கும் படிவங்களில் அப்பாவின் கண்ணுக்குத் தன் பெயர் சட்டென்று பட்டுவிடும்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று குழப்பம் இருந்தால், பி.எஃப். இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தொழிற்சாலையின் பெயரைத் தட்டினால் அதன் குறியீடும், எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதும் தெரியும். ஒரே பெயரில் இரண்டு குறியீடு வந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்துக்கே போனாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அமைப்பின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். அவரும் கைவிரித்தால் 90 நாளுக்குள் புது டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்திடம் இரண்டாவது மேல்முறையீடு. சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்கு அனுப்பி மாதங்களை வீணாக்காதீர்கள். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தாலும் மனம் தளர வேண்டாம். தகவலை மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் அது இல்லை. ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தைக் காணவில்லை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பானவரைக் கண்டறிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் விஷ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. அழித்துவிட்டோம் என்றால் எந்த ஆணைப்படி, எந்தத் தேதியில் என்று அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள்.

கூட வேலை பார்த்த இருவரின் கணக்கை மனுப் போட்டு வாங்க முயல வேண்டாம். தனிப்பட்ட தகவலைப் பற்றிய 8(1)(ஜே) பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் முன்பைவிட இறுகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. அதைவிட எளிய வழி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு அண்ணன்மாரையும் வீட்டில் போய்ப் பார்த்து, அவர்களுடைய பென்ஷன் ஆணையின் நகலை அவர்கள் விருப்பத்தோடு கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். 2005க்கு முந்தைய சர்வீஸ் அவர்களுக்கு ஏற்கப்பட்டிருந்தால், அதே தொழிற்சாலை அந்த ஆண்டுகளுக்குப் பணம் கட்டியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இ.எஸ்.ஐ. அட்டையையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அப்பா, அம்மா, மடியில் நீங்கள் என்று ஒட்டியிருக்கும் அந்தக் குடும்பப் படத்துக்குக் கீழே காப்பீட்டு எண்ணும் 1998 என்ற ஆண்டும் இருக்கின்றன. அப்பா 1998இலேயே வேலையில் இருந்தார் என்பதற்கு அது தனி ஆதாரம். இ.எஸ்.ஐ. கழகத்துக்கும் இதேபோல் ஒரு மனுப் போட்டு அவருடைய பங்களிப்புப் பதிவைக் கேளுங்கள்.

தகவல் மனு ஆவணத்தைத்தான் தரும், பென்ஷனைத் தராது. அதனால் பதிலுக்காகக் காத்திராமல் 10டி படிவத்தை இப்போதே மறுபடியும் கொடுங்கள். கம்பெனி மூடியிருப்பதால் வங்கி மேலாளர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் பெறலாம். பழைய, புதிய கணக்கு எண்கள் இரண்டையும் எழுதி, சர்வீஸைச் சேர்த்துக் கணக்கிடும்படியும் 58 வயது முடிந்த நாளில் இருந்து நிலுவையோடு தரும்படியும் கேட்டு, விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கவுன்ட்டரில் வாயால் சொல்லும் மறுப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. எழுத்தில் மறுக்கட்டும்.

அப்படி மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பி.எஃப். உறுப்பினர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் சிவ குமார் ஜோஷி வழக்கில் 1999 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. பென்ஷன் திட்ட உறுப்பினருக்கும் அது பொருந்தும் என்பதை 2008இல் பவானி வழக்கில் உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அப்பா புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை, கடலூரிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அந்த 2001-02 சீட்டைக் கிழியாமல் இருக்க வேண்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், பிறகு அசல்தானா என்று சந்தேகம் கிளப்புவார்கள். இன்றைக்கே இரண்டு பக்கத்தையும் வண்ண நகல் எடுத்துக்கொண்டு, அசலை ஒரு காகித உறையில் போட்டு, தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.